நாளுக்கு 300 ரூபாய்

டிசம்பர் 31 நள்ளிரவில் ஃபோர்ட் கொச்சியில் ஒரு கிழவரை எரிப்பார்கள். பப்பாஞ்ஞி என்று பெயர். வெள்ளைத் தாடியும் கோட்டும் தொப்பியுமாக, பல ஆள் உயரத்துக்குக் கட்டி நிறுத்திய உருவம். பழைய ஆண்டுதான் அந்தக் கிழவர். கொச்சின் கார்னிவலின் உச்சக்கட்டம் இது. மட்டாஞ்சேரிச் சந்துகளிலும் தோப்பும்படிப் பாலத்திலும் அன்று சாயங்காலத்திலிருந்தே நடக்க இடமிருக்காது. மணி பன்னிரண்டு ஆனதும் தீ. கூட்டம் ஆர்ப்பரிக்கும். கழிந்துபோன வருடத்தின் தோல்வியும் கடனும் கசப்பும் அந்தத் தீயோடு போய்விட்டதாக ஒரு நிம்மதி.

அதற்குக்கூட உத்தரவாதம் கிடையாது. 2024 டிசம்பர் 26 அன்று முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் காலமானார். நாடு துக்கத்தில் இருந்ததால் பரேடு மைதானத்தில் அந்த ஆண்டு பப்பாஞ்ஞியை எரிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில், ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கும் மைதானத்தில் உயர் நீதிமன்ற அனுமதியோடு இன்னொரு குழுவினர் எரித்தார்கள். மாதக்கணக்கில் திட்டமிட்ட ஒரே ஒரு இரவு, கடைசி ஐந்து நாளில் மாறிப்போனது.

பழையதை எரித்த கையோடு நாம் எல்லோருமே புதிதாக ஒன்றைக் கட்ட ஆரம்பிக்கிறோம். இந்த வருடம் பத்து கிலோ குறைக்க வேண்டும். டிசம்பருக்குள் நகைக்கடனை அடைக்க வேண்டும். பரீட்சையில் தேறி வேலை வாங்கிவிட வேண்டும். பிள்ளைக்கு மருத்துவ சீட் கிடைக்க வேண்டும். ஆசைகளில் தப்பேதும் இல்லை. ஆனால் ஜனவரி 1 காலையில் எழுந்து இந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். அன்றைக்குச் செய்வதற்கு அதில் ஒரு வேலைகூட இருக்காது. எல்லாமே எங்கோ தூரத்தில் இருக்கின்றன. பாதிக்கு மேல் பிறர் கையிலும் காலத்தின் கையிலும் இருக்கின்றன. பிப்ரவரியில் பட்டியல் டைரிக்குள் மடங்கிப்போவதற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பட்டியலை எழுதிய விதத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்குக் கொச்சியை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

ஒரு டீக்கடையின் கணக்கு

மட்டாஞ்சேரியிலிருந்து பாலங்களைக் கடந்து எர்ணாகுளம் பக்கம் வந்தால் கடவந்திரா. அங்கே காந்தி நகரில் ஸ்ரீ பாலாஜி காஃபி ஹவுஸ். பெயர்தான் காஃபி ஹவுஸ், உண்மையில் சின்ன டீக்கடை. நடத்தியவர்கள் கே.ஆர்.விஜயனும் அவர் மனைவி மோகனாவும். அந்த வருமானத்தில் அவர்கள் இருவரும் 26 நாடுகளைப் பார்த்தார்கள். 2007-ல் தொடங்கியது அவர்களின் வெளிநாட்டுப் பயணம். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்வந்தார்கள். அடுத்த மாதமே மாரடைப்பில் விஜயன் காலமானார். அப்போது அவருக்கு வயது 71.

இந்தக் கதையைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் நிறையச் சொல்லிவிட்டன. ‘கனவு கண்டால் நிறைவேறும்’ என்கிற தொனியில்தான் பெரும்பாலும் சொன்னார்கள். எனக்கு அந்தத் தொனியில் உடன்பாடு இல்லை. கனவு காணாதவர் யார்? டீ குடிக்க அந்தக் கடைக்கு வந்துபோன அத்தனை பேருக்கும் ஊர் சுற்றும் ஆசை இருந்திருக்கும். விஜயனும் மோகனாவும் வேறுபட்டது ஆசையில் இல்லை, அதை அவர்கள் இறக்கி வைத்த இடத்தில்.

ஒவ்வொரு நாளும் வருமானத்திலிருந்து 300 ரூபாய் தனியே எடுத்து வைத்தார்கள். அவ்வளவுதான் அவர்களின் இலக்கு. வேலைக்கு ஆள் வைக்காமல் அடுப்பு, பாத்திரம், கல்லா எல்லாவற்றையும் இருவருமே பார்த்துக்கொண்டது அந்த 300 ரூபாய்க்காக. சேர்ந்தது போதாதபோது வங்கியில் கடன் வாங்கினார்கள். போய்வந்த பிறகு அடுத்த சில ஆண்டுகள் அதே டீயை ஆற்றிக் கடனை அடைத்தார்கள். அடைத்து முடித்ததும் அடுத்த பயணத்துக்கு மறுபடி 300 ரூபாய். (கடன் வாங்கி ஊர் சுற்றச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அவரவர் குடும்பக் கணக்கு.)

உலகத்தைச் சுற்றிப் பார்ப்பது ஒருவர் ஒரு நாளில் செய்து முடிக்கும் காரியமில்லை. 300 ரூபாய் எடுத்து வைப்பது அன்றைக்கே முடியும் காரியம். இரவு கடையைச் சாத்தும்போது செய்தோமா இல்லையா என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். விசா கிடைக்குமா, உடம்பு ஒத்துழைக்குமா, விமானக் கட்டணம் ஏறுமா என்பதெல்லாம் அந்தக் கல்லாப் பெட்டிக்கு வெளியே இருந்தவை. பெருந்தொற்று வந்து உலகமே கதவைச் சாத்தியபோது அவர்களின் பயணமும்தான் நின்றது. கதவு திறந்ததும் ரஷ்யாவுக்குக் கிளம்ப முடிந்ததற்குக் காரணம், பயணம் நின்றாலும் பழக்கம் செத்துப்போகவில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன்.

உலகில் 190-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. விஜயன் பார்த்தது 26. ‘உலகம் முழுவதையும் பார்ப்பது’ என்பதை இலக்காக எடுத்துக்கொண்டு மதிப்பெண் போட்டால் அவர் தேறாதவர். அப்படி மதிப்பெண் போட நம்மில் யாருக்காவது மனசு வருமா? அவருக்குப் போடத் தயங்குகிற அந்த மதிப்பெண்ணைத்தான் ஒவ்வொரு டிசம்பரிலும் நமக்கு நாமே இரக்கமில்லாமல் போட்டுக்கொள்கிறோம்.

முடிவை நினைப்பதா, வேலையை நினைப்பதா என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபாம், டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பரீட்சை நெருங்கிய மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு, நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதைத் தினமும் சில நிமிடங்கள் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். இன்னொரு குழு, தாம் உட்கார்ந்து படிப்பதை, எங்கே, எப்போது, எந்தப் பாடம் என்பதை மனக்கண்ணில் பார்க்க வேண்டும். 1999-ல் வெளியான முடிவு: படிப்பதை நினைத்துப் பார்த்தவர்கள் அதிகம் படித்தார்கள், அதிக மதிப்பெண்ணும் வாங்கினார்கள். வெற்றியை மட்டும் நினைத்து இனித்துக்கொண்டிருப்பவர்களுக்கு வேலையில் இறங்கும் வேகம் குறைந்துவிடுகிறது. வெற்றியைக் கண்முன் நிறுத்து என்று மேடைதோறும் முழங்கும் சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் இந்த ஆய்வைக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் நம் பிள்ளைகளுக்கு நல்லது.

வரப்போகும் விலையைக் கூவிய தெரு

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இன்று பழம்பொருள் கடைகளும் வாசனைத் திரவியக் கடைகளும் இருக்கின்றன. 1568-ல் கட்டிய பரதேசி சினகாக் என்ற யூதர் தொழுகைக்கூடத்தைப் பார்க்க வருபவர்கள் அந்தக் கடைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அதே தெருவில் இந்திய மிளகு மற்றும் வாசனைப் பொருள் வர்த்தகச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. 1957-ல் தொடங்கிய இந்தச் சங்கத்தில் மிளகுக்கு முன்பேர வணிகம் நடந்தது. இன்னும் பறிக்காத மிளகின் வரப்போகும் மாதத்து விலையைத் தரகர்கள் தொண்டை கிழியக் கூவினார்கள். கணினி வந்த பிறகு கூச்சல் அடங்கியது.

விலையைக் கூவுவது அவர்கள் தொழில். தவறில்லை. சங்கடம், மலையில் மிளகு போட்டவருக்கும் அந்த விலையே மூச்சாகிப்போனபோது வந்தது. 1990-களின் கடைசியில் மிளகு விலை உச்சத்துக்குப் போனது. வயநாட்டில் பலர் அந்த விலையை நம்பிக் கடன் வாங்கினார்கள். 2000-க்குப் பின் விலை சரிந்தது. கூடவே வாட்ட நோயும் வந்து கொடிகள் காய்ந்தன. வயநாட்டு விவசாயிகளின் தற்கொலைகள் நாட்டையே உலுக்கிய காலம் அது. அந்த மரணங்களுக்கு ‘விலையை எதிர்பார்த்தார்கள்’ என்று காரணம் சொல்வது கொடுமை. உலகச் சந்தை, இறக்குமதி, வங்கிகள், அரசுகள் என்று பொறுப்பேற்க வேண்டியவர்களின் வரிசை நீளமானது. நான் சொல்ல வருவது வேறு. முடிவு என்பது எத்தனை பேர் கைபட்டு நம்மிடம் வந்து சேர்கிறது என்பதற்கு மிளகைப் போல இன்னொரு சாட்சி கிடையாது. வியட்நாமில் விளைச்சல் பெருகினால் வயநாட்டில் ஒருவர் வீட்டில் அடுப்பின் நிலை மாறுகிறது. அதில் அவருடைய உழைப்பின் குறை என்ன?

மிளகுக் கொடி நட்டு மூன்று ஆண்டுகளாவது கழித்துத்தான் காய் பார்க்க முடியும். அதுவரை அதை மரத்தில் ஏற்றிக் கட்டுவதும், தூரில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும், நிழலுக்குக் கிளை கழிப்பதும்தான் வேலை. திருவாதிரை ஞாற்றுவேலையில், அதாவது ஜூன் கடைசியில் தொடங்கும் மழை நாட்களில் நட்டால் கொடி பிடிக்கும் என்பது கேரளத்தின் பழைய அனுபவம். போர்ச்சுகீசியர்கள் மிளகுக் கொடியைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது, கொடியைக் கொண்டுபோகலாம், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே என்று கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி சிரித்ததாக ஒரு கதை இன்றும் சொல்வார்கள். மழை வருமா என்பது விவசாயி கையில் இல்லை. மழை வரும் நாளில் குழி வெட்டித் தயாராக இருப்பது அவர் கையில் இருக்கிறது.

முடிவு நாள் குறித்தும் ஜெயித்தவர்கள்

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். இலக்கும் தேதியும் வைத்துப் பெரிய காரியங்களை முடித்தவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். அதுவும் கொச்சி இருக்கும் இதே மாவட்டத்தில். 1989 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தில் எல்லோருக்கும் எழுத்தறிவு என்று ஒரு இயக்கம் தொடங்கியது. மாவட்ட நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் கைகோத்தன. லட்சத்துக்கும் மேற்பட்டோரை எழுதப் படிக்க வைப்பது இலக்கு. காலம் ஏறக்குறைய ஒரே ஆண்டு. 1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி.பி.சிங் வந்து, இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் எர்ணாகுளம் என்று அறிவித்தார்.

அந்த இயக்கத்தின் எண்ணிக்கை மேலிடத்துக் காகிதத்தில் இருந்தது. மட்டாஞ்சேரியிலோ தீவுகளிலோ பாடம் சொல்லப்போன தொண்டருக்கு அந்த எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. அவர் கையில் இருந்தவை ஒரு விளக்கு, ஒரு பாடநூல், வலையிலிருந்தும் கயிற்று வேலையிலிருந்தும் திரும்பி வரும் சில முகங்கள். இன்று சாயங்காலம் வகுப்பு நடந்ததா என்பது மட்டுமே அவருடைய கேள்வி. அத்தனை ஆயிரம் சாயங்காலங்கள் சேர்ந்துதான் அந்த அறிவிப்பு.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அறிவிப்போடு எல்லாம் முடிந்தது என்று விளக்கை அணைத்த இடங்களில், கற்ற எழுத்து மெல்ல மறந்துபோனது. எழுத்தறிவு இயக்கங்கள் நடந்த மாநிலங்கள் பலவற்றிலும் இதே அனுபவம். கோட்டைத் தொடுவதற்காக மட்டும் ஓடியவர்கள் கோட்டைத் தொட்டதும் நின்றுவிட்டார்கள். கேரளம் பின்னர் தொடர்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது இந்தக் குறையைச் சரிசெய்யத்தான். அப்படித் தொடர்ந்த வகுப்புகளின் வழியாகத்தான் ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்த கார்த்தியாயனி அம்மா, 96 வயதில், 2018-ல் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். 96 வயதில் ஒருவர் எந்தப் பலனைக் கணக்குப் போட்டு எழுத்துப் படிப்பார்? அடுத்து கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் அவர்.

எர்ணாகுளத்தின் வெற்றி தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். வகுப்பு எடுக்கும் பெண்கள் ஊர் ஊராகப் போய்வர சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து மற்ற பெண்களும் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பெண்கள் என்று பல்லாயிரம் பேர் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். எழுத்தறிவு சதவீதம் எவ்வளவு என்று இன்று கேட்டால் புள்ளிவிவரப் புத்தகத்தைத் தேட வேண்டும். அந்தச் சைக்கிள் மட்டும் அந்த மாவட்டத்துப் பெண்களின் நினைவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிவையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், வழியில் கிடைக்கும் இதைப் போன்ற பெரிய பரிசுகள் கண்ணில் படாமலே போய்விடும்.

வெளியில் ஒரு தமிழ்த் துறை

பப்பாஞ்ஞி எரிந்த அதே வெளி பகுதியில், நம் ஆட்களின் இடம் ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் தோபி கானா என்பார்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் படைவீரர்களின் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டின் தென்பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இங்கே துவைக்கிறார்கள். தலைமுறைகள் பல கடந்தும் வீட்டில் தமிழ் இருக்கிறது. முன்பு குளங்களில் துவைத்தார்கள். 1976-ல் விசால கொச்சி வளர்ச்சி ஆணையம் தொட்டிகளும் துவைகற்களும் வைத்துத் தடுப்புத் தடுப்பாக இந்த இடத்தைக் கட்டித் தந்தது. தமிழ் வண்ணார் சங்கம் கவனித்துக்கொள்கிறது.

வேலையின் ஒழுங்கைப் பார்க்கவே ஒரு நாள் போய் நிற்கலாம். ஊறவைப்பது, கல்லில் அடிப்பது, அலசுவது, வெள்ளைக்கு நீலம், பருத்திக்குக் கஞ்சி. பிறகு திறந்த வெளியில் வரிசை வரிசையாகக் கயிறு. கிளிப் கிடையாது. இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிட்டால் கடற்காற்றுக்கும் அசையாது. கொட்டகைக்குள் தேங்காய்ச் சிரட்டைக் கரி கனலும் கனத்த இஸ்திரிப் பெட்டிகள். ஆஸ்பத்திரி, விடுதி, வீடு என்று யார் துணி எது என்பது கலந்துபோகாது.

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. வெயிலை நம்பி நடக்கும் தொழிலுக்கு இது எவ்வளவு பெரிய சோதனை என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூனிலும் ஜூலையிலும் இன்றைக்குக் காயுமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் துணி ஊறுகிறது, கல் ஒலிக்கிறது. வெயில் முகம் காட்டும் அரை மணியில் துணி கயிற்றுக்குப் போகிறது, தூறல் விழுந்தால் உள்ளே வருகிறது. காய வைப்பது வெயிலின் வேலை. வெயில் வரும்போது துணி தயாராக இருக்க வேண்டியது மட்டும் இவர்கள் வேலை.

இதைப் புனிதப்படுத்தி எழுதும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்கிறேன். முதுகு ஒடிக்கும் உழைப்பு இது. சாதி ஏற்றிவைத்த சுமையும் கூட. இந்த வீடுகளின் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். ‘பலனை நினைக்காதே’ என்ற உபதேசத்தை உழைப்பவனுக்குக் கூலி குறைக்கும் தந்திரமாக இந்த நாட்டில் எவ்வளவோ பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள். கூலி வேறு, முடிவு வேறு. செய்த வேலைக்குக் கூலியைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. நான் விடச் சொல்வது, இன்னும் வராத ஒன்றை வைத்து இன்றைய உழைப்பை அவமதிக்கும் பழக்கத்தை.

டைரியில் என்ன எழுதலாம்?

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம். ‘பத்து கிலோ’ என்பதை அடித்துவிட வேண்டாம். ஓரமாக, சின்ன எழுத்தில் இருக்கட்டும். அது திசை. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், இரவு உணவு எட்டு மணிக்குள், சாப்பிட்ட பின் தெருமுனைக் கோயில் வரை நடை என்று எழுதுங்கள். எந்த நேரம், எந்த இடம் என்பதும் சேர்ந்திருக்க வேண்டும். நகைக்கடனுக்குப் பக்கத்தில் தினமும் எடுத்து வைக்கும் தொகையை எழுதுங்கள். கைக்கு அடங்காத தொகையைப் போட்டால் பத்தாம் நாள் உடைந்துவிடும். கேவலமாகத் தோன்றும் அளவுக்குச் சின்னதாக இருப்பதில் தவறே இல்லை.

ஒரு நாள் விட்டுப்போனால்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் புதிய பழக்கம் படிவதைக் கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். பழக்கம் தானாக ஓடத் தொடங்குவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது. அவர்கள் கணக்குப்படி சிலருக்கு 254 நாள் வரைகூட ஆகலாம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சுற்றிக்கொண்டிருக்கும் கதைக்கு ஆதாரம் இல்லை. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அதில் தெரிந்தது. தவறிய நாளுக்காகக் குமைவதை விட மறுநாள் அதே நேரத்துக்கு எழுந்துவிடுவது மேல்.

முடிவைப் பார்க்கவே கூடாதா என்றால், பார்க்கலாம், அடிக்கடி வேண்டாம். எடை பார்க்கும் மெஷினில் தினம் ஏறினால் தண்ணீர் குடித்ததையும் உப்பு தின்றதையும்தான் அது சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மார்ச் கடைசியில், ஜூன் கடைசியில் என்று தேதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். தினசரி வேலை நடந்தும் முடிவு நகரவில்லை என்றால் மாற்ற வேண்டியது வேலையின் முறையை. வேலையே நடக்கவில்லை என்றால் அதன் அளவைப் பாதியாக்குங்கள். இரண்டிலுமே உங்களைத் திட்டிக்கொள்ளத் தேவை எதுவுமில்லை.

பட்டியலில் கடைசியாக இருந்தது பிள்ளையின் மருத்துவ சீட். அது உங்கள் டைரியில் இருக்க வேண்டிய இலக்கே இல்லை. நீட் தேர்வை நாடு முழுவதும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள், இடங்களோ அதில் ஒரு சிறு பங்கு. எவ்வளவு படித்தாலும் பெரும்பாலோருக்குக் கிடைக்காது என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அந்த சீட்டை ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் தினமும் ஏற்றிவைத்த வீடுகளில் நடந்த சாவுகளை நாம் பார்த்துவிட்டோம். உங்கள் டைரியில் அந்த இடத்தில் நீங்கள் செய்யக்கூடியதை எழுதுங்கள்: ராத்திரி ஒன்பது மணிக்கு டி.வி.யை அணைப்பது, அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவது, மார்க்கைப் பற்றி அவனாகப் பேசும்வரை கேட்காமல் இருப்பது.